பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் வேலைக்கு: ஓசூர், கிருஷ்ணகிரிப் பாதைக்கு ஒரு கணக்கு

பத்திருபது வயதான, வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஒரு காரை வாங்கி, அதில் தினமும் எண்பது, நூறு கிலோமீட்டர் வேலைக்குப் போய்வரலாமா? ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பலருக்கு இந்த ஆசை உண்டு. வீட்டில் சொன்னால் 'பைத்தியமா' என்று கேட்பார்கள், மெக்கானிக்கிடம் சொன்னால் சிரிப்பார். இந்த அத்தியாயத்தின் பதில், 'போகலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள்' என்பது. பாதை அந்தக் காருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அதன் பாகங்கள் ஒரு வாரத்துக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும். ஓட்டத் தொடங்கும் முன்பே பழுதுபார்ப்புச் செலவை முழுதாகச் செய்துவிட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். காரின் வயதும் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும் இவற்றுக்கு அடுத்துத்தான் வரும்.

முதலில் எதை ஸ்போர்ட்ஸ் கார் என்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். இரண்டு கதவு, இரண்டு இருக்கையோடு உள்நாட்டிலேயே செய்து விற்ற கார் நம் சந்தையில் அபூர்வம். கோவாவில் சிறு எண்ணிக்கையில் தயாரான சான் ஸ்டார்ம் அப்படிப்பட்ட ஒன்று. அதை தினசரி ஓட்டத்துக்கு யோசிக்க வேண்டாம். நம் ஊரில் இந்தப் பெயருக்குப் பொருத்தமானவை, எடை குறைந்த உடம்பில் கொஞ்சம் பெரிய என்ஜினை வைத்த ஹாட்ச்பேக்குகளும் செடான்களும்தான். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகான் 1.6, பிறகு வந்த ஃபியஸ்டா 1.6 எஸ், 106 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா சிட்டி விடெக், நூறு குதிரைத்திறன் ஃபியட் பாலியோ 1.6, மாருதியின் பழைய பலேனோ செடான், 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் 1.3, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சரும் சீடியாவும், 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. சுமார் ஒரு டன் எடைக்குத் தொண்ணூறு, நூறு குதிரைத்திறன் என்பதே இவற்றின் பொதுக் குணம்.

முதல் நிபந்தனை: பாதை

ஓசூரிலிருந்து வேலைக்குப் போகும் பாதை மூன்று வகை. தெற்கே தேசிய நெடுஞ்சாலை 44-இல் சூளகிரி, குருபரப்பள்ளி வழியாகக் கிருஷ்ணகிரி வரை ஐம்பது கிலோமீட்டரை ஒட்டிய ஓட்டம். வடக்கே அத்திப்பள்ளி, சந்தாபுரம், பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பெங்களூரு. மூன்றாவது, சிப்காட் வளாகங்களுக்குள்ளேயே முடிந்துவிடும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். பழைய காருக்குக் கடைசி வகைதான் நல்லது, தூரம் குறைய குறையத் தேய்மானமும் குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என்ஜினைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில்தான் தேய்மானம் அதிகம். ஆயில் இன்னும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது, பெட்ரோல் கலவையும் செறிவாக இருக்கும். எரியாத பெட்ரோலும், எரிந்ததில் உண்டான நீராவியும் சம்ப்பில் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஐம்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி இந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். ஐந்து கிலோமீட்டரில் நிறுத்தினால் அப்படியே தங்கும். ஆயில் மூடியின் அடியில் மோர் நுரை போல வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்ன ஓட்டம் ஓடிய காரில்தான். தினம் ஓடும் காரில் பேட்டரி முழு சார்ஜில் இருக்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்காது, ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்காது. மாதம் ஒருமுறை துணி விலக்கி ஓட்டும் காரில் இவை எல்லாமே மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே நான்காவது, ஐந்தாவது கியரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகக்கூடிய கிருஷ்ணகிரிப் பாதை, பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏற்ற பாதை.

பெங்களூருப் பாதையில் நிலைமை நேர் எதிர். அத்திப்பள்ளியில் தொடங்கி சந்தாபுரம், பொம்மசந்திரா வரை நின்று நின்று ஊரும் போக்குவரத்து, தூரத்துக்குக் கணக்குக் காட்டாமல் கிளட்ச்சைத் தின்னும். ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்ச் பெடல் பொதுவாகவே கனம். மாலை நேர நெரிசலில் இடது காலுக்கும் அது தண்டனை. போலோ ஜிடி டிஎஸ்ஐயின் ஏழு கியர் டிஎஸ்ஜி, ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. நெடுஞ்சாலையில் அருமையாக ஓடும் அதே கியர்பாக்ஸ், ஊர்ந்து போகும்போது சூடாகும், பழுதானால் பில் பெரிது. பெங்களூரில்தான் வேலை என்றால் 2025 ஆகஸ்ட்டில் ஒரு நல்ல வழி திறந்திருக்கிறது: ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா இருபது கிலோமீட்டருக்குள். அதுவரை நெரிசலைப் பொறுத்துக்கொண்டு காரில் போய், அங்கிருந்து ரயிலேறுவது, நகரம் முழுதும் ஊர்வதைவிடக் காருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மெட்ரோ எட்டாத இடத்தில் அலுவலகம் என்றால், அந்தப் பாதைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

கிருஷ்ணகிரிப் பாதையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். இடையே மேலுமலை. ஓசூரில் வீடும் கிருஷ்ணகிரிப் பக்கம் வேலையும் உள்ளவர், காலைக் குளிரில் கீழே இறங்கி, வெயிலில் காய்ந்த காரை எடுத்துக்கொண்டு மாலையில் ஏசி போட்டபடி 400 மீட்டர் மேலே ஏறுகிறார். கிருஷ்ணகிரியில் வீடும் ஓசூரில் வேலையும் உள்ளவருக்கு ஏற்றம் காலைக் குளிரிலேயே முடிந்துவிடும். ஒரே கார், ஒரே தூரம். முன்னவரின் ரேடியேட்டருக்குத்தான் சோதனை. ஏப்ரல், மே மாதங்களில் மேலுமலைக்கு அருகே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க நேர்வது இந்த மாலை ஏற்றத்தில்தான். அது தவிர, ஓசூர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜின், சென்னையில் நூறு குதிரைத்திறன் தந்தால் ஓசூரில் தொண்ணூறுதான் தரும். லாரியை முந்தும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு

முதல் ஆட்சேபம் எப்போதும் மைலேஜ் பற்றியது. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். நாளுக்கு நூறு கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொள்வோம். பழைய கார் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தந்தால் ஆண்டுக்கு 2.73 லட்சம். புதிய சின்னக் கார் 18 தந்தால் 1.67 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். இத்தோடு கணக்கை முடிப்பவர்கள்தான் 'கட்டுப்படியாகாது' என்கிறார்கள். ஆனால் புதிய காருக்கு வேறு செலவுகள் இருக்கின்றன. காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணைப்படி நான்கு ஆண்டு தாண்டி ஐந்தாம் ஆண்டில் இருக்கும் காரின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. பத்து லட்ச ரூபாய் காருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் வட்டி மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 40,000. காப்பீடு 30,000, சர்வீஸ் 20,000. மொத்தம் சுமார் 3.57 லட்சம்.

பழைய காருக்கு வாங்கிய விலையும் தயார்ப்படுத்திய செலவும் சேர்த்து 3.5 லட்சம், ஐந்து ஆண்டு கழித்து 1.5 லட்சத்துக்குப் போகும் என்றால் ஆண்டுக்கு 40,000. பராமரிப்பு 60,000, காப்பீடு 10,000. பெட்ரோலோடு சேர்த்து 3.83 லட்சம். அதாவது நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் பழைய கார் ஆண்டுக்கு இருபத்தாறாயிரம் ரூபாய் கூடுதலாகவே கேட்கிறது. இதே கணக்கை நாளுக்கு நாற்பது கிலோமீட்டருக்குப் போட்டால், பெட்ரோல் வித்தியாசம் நாற்பதாயிரமாகச் சுருங்கி, பழைய கார் ஆண்டுக்கு 38,000 ரூபாய் மலிவாகிவிடும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். தூரம் கூடக் கூடப் பழைய காரின் சாதகம் கரையும் என்ற போக்கு மாறாது. இங்கிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. பணம் மிச்சம் பிடிக்க நினைப்பவர் நீண்ட தூரத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கூடாது. அதே சமயம், ஆசைப்பட்டு வாங்குபவர் வீட்டை விற்கப் போவதுமில்லை. மாதம் இரண்டாயிரம் சொச்சம்தான் ஆசையின் விலை. இந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் கவிழும்: பராமரிப்பு 60,000 என்பது இரண்டு லட்சமாகிவிட்டால். அதைத் தடுப்பதுதான் மற்ற இரண்டு நிபந்தனைகளின் வேலை.

இரண்டாவது நிபந்தனை: பாகம்

பழைய கார் பழுதாவதில் பெரிய இழப்பு இல்லை. பாகம் வராமல் மூன்று வாரம் பட்டறையில் நிற்பதுதான் இழப்பு. வார இறுதிக் காருக்கு மூன்று வாரம் ஒன்றுமில்லை. தினசரிக் காருக்கு அது பதினெட்டு வேலை நாள். ஆகவே காரைப் பார்க்கப் போகும் முன் பாகத்தைப் பாருங்கள். கிளட்ச் செட், வாட்டர் பம்ப், ஃபியூயல் பம்ப், லோயர் ஆர்ம், முன் ஷாக் அப்சார்பர், ஆல்டர்னேட்டர், ஹெட்லைட், முன் கண்ணாடி: இந்த எட்டின் பெயரையும் எழுதிக்கொண்டு விலையும் எத்தனை நாளில் வரும் என்பதும் விசாரியுங்கள். ஓசூருக்கு இதில் ஒரு பெரிய வசதி, பெங்களூரின் ஜே.சி. ரோடு நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. வெளிக் கம்பெனிப் பாகங்களும் கம்பெனிப் பாகங்களும் அங்கே வரிசையாகக் கடை கடையாகக் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்குக் கழற்றிய பாகம் வேண்டும் என்றால் சென்னை புதுப்பேட்டை. எட்டில் ஆறு இந்த இரண்டு இடங்களில் ஒரு வாரத்துக்குள் கிடைத்தால் அந்தக் காரை யோசிக்கலாம். கிடைக்காவிட்டால் அது எவ்வளவு அழகான காராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இந்தச் சல்லடையில் போட்டால் பட்டியல் வேகமாகக் குறையும். மாருதியின் பழைய ஸ்விஃப்ட் முதலிடம்; அதன் பாகம் தாலுகா ஊரிலும் கிடைக்கும், அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் இல்லை. சிட்டி விடெக்கின் என்ஜின் உழைப்பாளி, ஆனால் உடல் பாகங்களும் உள் அலங்காரப் பாகங்களும் தேட வேண்டியிருக்கும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஐகானும் ஃபியஸ்டாவும் இந்த மண்ணில் ஆயிரக்கணக்கில் ஓடியவை என்பதால் என்ஜின், சஸ்பென்ஷன் சாமான்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு, எலக்ட்ரானிக் பாகங்கள்தான் சிரமம். ஃபியட் பாலியோவின் உடம்பு இரும்பு மாதிரி, ஓட்ட அருமை. பாகத்துக்கு அலைய மனமுள்ளவருக்கு மட்டும். லான்சர், சீடியா இரண்டும் ரேலிக்காரர்களுக்குப் பிடித்தவை. இருக்கும் பாகங்களுக்கும் அவர்கள் போட்டிக்கு நிற்பார்கள். போலோவின் உற்பத்தி 2022-இல் முடிந்தாலும் பாகம் வருகிறது, விலைதான் அதிகம். கிருஷ்ணகிரிப் பாதைக்கு, தினசரி உழைப்புக்கு, மேனுவல் கியர் ஸ்விஃப்ட்டும் ஃபியஸ்டா 1.6-உம் மற்றவற்றைவிட நிம்மதியானவை.

பாகத்தோடு ஆளும் வேண்டும். நம் வட்டாரத்தில் இதற்குப் பஞ்சமில்லை. டிவிஎஸ், அசோக் லேலண்ட், அவற்றுக்குப் பாகம் செய்துதரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் என்று அரை நூற்றாண்டாக இரும்போடு பழகிய ஊர் இது. கடைசல், போரிங், வெல்டிங், ரப்பர் புஷ் அழுத்திப் பொருத்துவது எல்லாம் உள்ளூரிலேயே முடியும். ஆனால் லேத் வேலை தெரிந்தவர் எல்லோரும் கார் மெக்கானிக் ஆகிவிட மாட்டார்கள். உங்கள் மாடலை வாரத்துக்கு ஒன்றாவது கழற்றும் பட்டறை எது என்று கண்டுபிடித்த பிறகு காரை வாங்குங்கள். வாங்கிய பிறகு பட்டறை தேடாதீர்கள்.

மூன்றாவது நிபந்தனை: ஓடும் முன் செலவு

பழைய கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் 'ஓடட்டும், கெட்டதும் மாற்றலாம்' என்பார்கள். வார இறுதிக் காருக்கு அது சரி. தினசரிக் காரில் அது மிகவும் விலை கூடிய வழி. ஐந்நூறு ரூபாய் ரேடியேட்டர் ஹோஸ் மேலுமலையில் வெடித்தால், தண்ணீர் போய், என்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டைச் சமன்படுத்தக் கொடுத்து, இழுவை வண்டிக் கூலியும் லீவும் சேர்ந்து அரை லட்சம் ஆகிவிடும். ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிலோமீட்டர் பார்த்துக் கெடுவதில்லை, வயது பார்த்துக் கெடுகின்றன. ஆகவே மீட்டரில் ஐம்பதாயிரம்தான் காட்டுகிறது என்பதற்காகப் பதினைந்து வயது ஹோஸை நம்ப முடியாது.

வாங்கியதும் இரண்டு வாரம் காரைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். குளிரூட்டும் அமைப்பிலிருந்து தொடங்குங்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸைக் குளிர்ந்த நிலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல ஹோஸ் அமுங்கித் திரும்பும், கெட்டது கல்லாக இருக்கும், அல்லது கிளாம்ப் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரியும். கூலண்ட் செம்மண் நிறத்தில் இருந்தால் யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோ அவசியம். எல்லா ஹோஸும், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, ஃபேன் ரிலே ஒரே தடவையில் மாறட்டும். அடுத்தது டைமிங் பெல்ட். சிட்டி விடெக், பழைய பலேனோ போன்றவற்றில் பெல்ட். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐகான் 1.6-இல் செயின், அந்தக் கவலை குறைவு. பிறகு சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயிண்ட், என்ஜின் மவுண்டிங்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த ஆயில் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சரக்கு லாரிகளுக்குப் பின்னால் பிரேக் மேல் காலை வைத்தபடி கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்கும் காருக்கு அது ஆபத்து. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இறக்கத்தில் மூன்றாவது கியரில் என்ஜினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு ஆண்டு தாண்டிய டயரில், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், நெடுஞ்சாலை வேகத்தில் போகக் கூடாது. இந்த வேலை எல்லாவற்றுக்கும் ஆகும் பணத்தைக் கார் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். இரண்டரை லட்சத்துக்குக் காரும் ஒரு லட்சத்துக்கு வேலையும் என்று திட்டமிடுபவர் தப்பிப்பார். மூன்றரை லட்சம் முழுவதையும் காருக்கே கொடுத்தவர், ஆறு மாதத்தில் அதை விற்கப் பார்ப்பார்.

பெட்ரோல் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. கலப்பில்லாப் பெட்ரோலுக்கு வடிவமைத்து, பத்து சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் உள் ரப்பரையும் எத்தனால் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே ஃபியூயல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள், ஃபில்டரை முன்னைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். தினமும் ஓடும் காரில் டேங்க் வாரத்துக்கு ஒருமுறையாவது காலியாகிவிடுவதால் ஈரம் சேர நேரமில்லை. மாதக்கணக்கில் நிற்கும் காருக்குத்தான் இ20 பெரிய தொல்லை.

பாதுகாப்பும் புகையும்: தட்ட முடியாத ஆட்சேபங்கள்

இதுவரை வந்த ஆட்சேபங்களுக்குப் பதில் இருந்தது. பாதுகாப்பு விஷயத்தில் பாதிப் பதில்தான் உண்டு. புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்தும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும் கட்டாயம். அதற்கு முந்தைய காரில் இவை இருந்தால் அது பெரும்பாலும் வாங்கியவர் காசு கொடுத்துக் கேட்டதால்தான். நெடுஞ்சாலை 44 நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் சரக்குப் பாதை. சென்னையிலிருந்து பெங்களூரு போகும் வண்டிகளும் கிருஷ்ணகிரியில் இதோடு சேர்கின்றன. அங்கே மோதினால் உங்கள் ஓட்டும் திறமை காப்பாற்றாது. ஏபிஎஸ்ஸும் இரண்டு ஏர்பேக்கும் இல்லாத காரைத் தினசரி நூறு கிலோமீட்டருக்கு எடுக்காதீர்கள். ஐகானும் பாலியோவும் எவ்வளவு பிடித்திருந்தாலும், இவை இல்லாவிட்டால் அந்த ஒரு காரணத்தால் அவை ஞாயிற்றுக்கிழமைக் கார்கள். ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே யாரோ பிடுங்கியிருக்கலாம்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு விளக்கு தனிக் கவலை. பேரண்டப்பள்ளி, சானமாவு காட்டை ஒட்டிய பகுதியில் யானைகள் நெடுஞ்சாலையைக் கடக்கும். கேழ்வரகு முற்றும் பருவத்தில் கூட்டம் கூட்டமாக வரும். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் விடிகாலைப் பனிமூட்டம் வேறு. மஞ்சளேறிய ஹெட்லைட் மூடியை மாற்றி, ரிலே வைத்து முழு மின்சாரம் பல்புக்குப் போகும்படி செய்தாலே வெளிச்சம் கண்கூடாகக் கூடும். கண்ணைக் கூசவைக்கும் மலிவு எல்இடி பல்பு வேண்டாம். அது எதிரே வருபவரைக் குருடாக்கும், பனியில் உங்களையும்.

புகை ஆட்சேபத்தையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எவ்வளவு பராமரித்தாலும் பிஎஸ் 2 கார், 2020-க்குப் பிந்தைய பிஎஸ் 6 கார் அளவுக்குச் சுத்தமாக ஓடாது. புகைச் சான்றிதழ் கையில் இருப்பதால் அது மாறிவிடாது. ஏதரும் ஓலாவும் மின் வண்டி செய்யும் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பிஎஸ் 4 காராகத் தேர்ந்தெடுப்பதும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கி எறியாமல் வைத்திருப்பதும், ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதும் நம்மால் ஆகும் குறைந்தபட்சம்.

எல்லை, ஆர்.சி., சுங்கம்

பிஎஸ் 4 தேடும்போது எல்லை உதவுகிறது. 2010 ஏப்ரலில் பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில் மட்டும் பிஎஸ் 4 வந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். ஆகவே 2012-இல் பெங்களூரில் விற்ற கார் பிஎஸ் 4, அதே ஆண்டு ஓசூரில் பதிவானது பிஎஸ் 3 ஆகவும் இருக்கலாம். பெங்களூருச் சந்தையில் இப்படிப்பட்ட கார்களுக்குத் தேர்வும் அதிகம். ஆனால் கர்நாடகப் பதிவுக் காரை வாங்கி ஓசூரில் வைத்துக்கொண்டால், விற்பவர் மூலம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 27-இல் விண்ணப்பித்து, தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டி டிஎன் 70 எண் பெற வேண்டும். அதன்பின் கர்நாடகத்தில் கட்டிய வரியின் மீதத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த வரியைச் சேர்த்துப் பார்க்காமல் 'பெங்களூரில் மலிவு' என்று முடிவு செய்யாதீர்கள். ஓசூரில் குடியிருந்து தினமும் எல்லை தாண்டிப் போய்த் திரும்புபவர் கர்நாடகத்தில் மறுபதிவு செய்யத் தேவையில்லை. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் புதிய எண் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. ஓசூர் முகவரிச் சான்று ஒன்று காரில் இருக்கட்டும்.

பதினைந்து ஆண்டானால் காரை உடைத்துவிடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். பெட்ரோல் காருக்குப் பதினைந்து, டீசலுக்குப் பத்து என்ற தடை டெல்லி வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் பதினைந்து ஆண்டு முடியும்போது வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய். இருபது ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்ட்டில் அதை 10,000 ஆக்கியிருக்கிறார்கள். பசுமை வரி தனி. உங்கள் வழியில் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வந்தால், 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டுப் பாஸ் 200 பயணத்துக்குத்தான் என்பதை மறக்காதீர்கள். தினம் இருமுறை கடப்பவருக்கு அது நான்கு மாதத்தில் தீரும். உள்ளூர்க்காரர்களுக்கான மாதப் பாஸோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

கடைசியாக, கம்பெனி பஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி. பஸ் உங்கள் ஷிப்டுக்குச் சரியாக வருகிறது என்றால் அதுவே சிறந்த வழி. அதில் விவாதமே இல்லை. பஸ் பொருந்தாதவருக்கும், ஓட்டுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கும்தான் இந்த அத்தியாயம். அவர்களும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கார் பட்டறையில் இருக்கும் நாளில் வேலைக்குப் போக வழியில்லாதவர், சரியாகாத காரை அவசரப்பட்டு எடுத்து ஓட்டிப் பெரிய செலவில் மாட்டிக்கொள்வார். எட்டுப் பாகத்தின் விலையை விசாரித்தாகிவிட்டது, பட்டறை கிடைத்துவிட்டது, தயார்ப்படுத்தும் பணம் தனியாகக் கையில் இருக்கிறது, ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இருக்கின்றன, மாற்று வழியும் உண்டு என்றால் தயங்காமல் வாங்குங்கள். இவற்றில் எது இல்லையோ அதை முதலில் தேடுங்கள்; காரை அதன் பிறகு தேடலாம்.